கவுண்ட் இறங்கிய நாளில் வரும் காய்ச்சல்

ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கிறவர் இருக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது 100.4 காட்டினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று உட்காரக் கூடாது, மாத்திரை போட்டுப் பார்க்கவும் கூடாது. இவ்வளவையும் டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்புவார். நாமும் தலையாட்டிவிட்டுத்தான் வருவோம். ஆனால் ஏன் என்று விளங்காமல் கேட்டுக்கொண்ட பேச்சு, ராத்திரி ஏழு மணிக்கு மழை கொட்டும்போது, திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் இருக்கும்போது, ஞாபகத்தில் நிற்பதில்லை. எங்கள் வீட்டில் நிற்கவில்லை.

என் அக்கா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல்.எல். என்று சொல்லப்படும் வகை ரத்தப் புற்றுநோய். இரண்டாவது கட்டக் கீமோ முடிந்து ஒன்பதாம் நாள், ஐப்பசி மழை, முள்ளியாறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் உடம்பு லேசாகச் சுடுகிறது என்றான், வைத்துப் பார்த்தால் 100.6. "தம்பி, காலையில வாசல்ல நின்னான், ஈரக்காத்து பட்டிருக்கும், ஒரு மாத்திரை குடுத்துப் பாப்போம்" என்றாள் அக்கா. அவனும் "ஒண்ணுமில்ல மாமா, பசிக்கக்கூட செய்யுது" என்று சிரித்தான். தெருமுனை மருந்துக்கடையில் பாரசிட்டமால் வாங்கி வந்தது நான்தான். ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது, இட்லி சாப்பிட்டான், தூங்கினான், எங்களுக்கும் நிம்மதி. காலை நாலு மணிக்கு அக்கா எழுப்பினாள். அவன் கை கால் எல்லாம் சில்லென்று, விரல் நுனி வெளுத்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ முனகிக்கொண்டிருந்தான். தெர்மாமீட்டரில் 97.8. காய்ச்சல் இல்லையே என்று அந்த நேரத்திலும் ஆறுதல்பட்டோம் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. 108 வண்டியில் ஏற்றும்போது ரத்த அழுத்தம் 70-க்கு 40. பதினொரு நாள் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்து வந்தான்.

அன்றைக்கு ராத்திரி அவன் உடம்புக்குள் என்ன நடந்தது என்று பிற்பாடு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இந்த வியாதியைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

கவுண்ட் என்றால் எந்தக் கவுண்ட்?

கவுண்ட் என்பது ரத்த அணுக்களின் எண்ணிக்கை. இந்த அணுக்கள் எல்லாம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் உற்பத்தியாகின்றன. மஜ்ஜையை ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (நாம் பிளேட்லெட் என்கிறோமே, அது) மூன்றும் நாற்றாக வளர்ந்து, பருவம் வந்ததும் ரத்தத்துக்குப் போகின்றன. வெள்ளையணுவிலேயே பல ஜாதி உண்டு. அதில் பாக்டீரியாவோடு முதல் ஆளாக மோதுவது நியூட்ரோஃபில். எங்கே கிருமி நுழைந்ததோ அங்கே சில மணி நேரத்துக்குள் திரண்டு போய், அதை விழுங்கி, கொன்று, தானும் செத்துப் போகும். கட்டியில் பார்க்கிறோமே சீழ், அது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். இவற்றின் ஆயுள் ரொம்பக் குறைவு, ரத்தத்துக்கு வந்தபின் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். அதனால் மஜ்ஜை ஓய்வே இல்லாமல் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்கள் உருவாகின்றன. ஒரு வாரம் உற்பத்தி நின்றால் கையிருப்பு என்று எதுவும் மிஞ்சாது.

லுகேமியாவில், அதாவது இந்த ரத்தப் புற்றுநோயில், அந்த நாற்றங்காலில் கோரை மண்டிவிடுகிறது. முற்றாத, வேலைக்கு உதவாத வெள்ளையணுக்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ள, நல்ல நாற்று எழ வழியில்லை. இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "வெள்ளையணு எண்பதாயிரம் இருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கே, அப்புறம் எப்படி எதிர்ப்புச் சக்தி இல்லாம போகும்?" என்று என் மச்சானே கேட்டார். எண்பதாயிரத்தில் பெரும்பகுதி கோரை. நெல் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே கீமோ தொடங்கும் முன்பே இந்த நோயாளிகளுக்குக் கிருமித் தொற்று எளிதாக வந்துவிடும், நிற்காத காய்ச்சல் என்று போய்ப் பார்த்த இடத்தில்தான் பலருக்கு லுகேமியா இருப்பதே தெரிய வருகிறது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்கிறது. கோரைக்கு அடிக்கிற மருந்தில் நாற்றும் கருகும். பொதுவாகக் கீமோ கொடுத்து ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் கவுண்ட் அடிமட்டத்துக்கு வந்து, பிறகு மெல்ல ஏறும். ஆனால் ஏ.எம்.எல். என்ற இன்னொரு வகை லுகேமியாவுக்குக் கொடுக்கும் முதல் கட்டச் சிகிச்சை, அதாவது சைட்டரபின் ஏழு நாள், கூடவே டானோரூபிசின் மூன்று நாள், இதற்கப்புறம் மூன்று நாலு வாரம் வரைகூடக் கவுண்ட் எழும்பாமல் கிடக்கும். ஆபத்து எவ்வளவு என்பதைக் கவுண்ட் எவ்வளவு கீழே போனது என்பதோடு, எத்தனை நாள் கீழேயே கிடந்தது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது 1966-ல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் கெரால்ட் போடி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் தீவிர லுகேமியா நோயாளிகள் 52 பேரைத் தொடர்ந்து கவனித்து, இந்த நியூட்ரோஃபில்கள் ஆயிரத்துக்குக் கீழே இறங்க இறங்கத் தொற்று ஏறுவதையும், நூறுக்குக் கீழே போனால் மிக மோசமாவதையும், நாள் நீள நீள அது இன்னும் கூடுவதையும் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் வார்டில் மருத்துவர் பேசுவது அந்தக் கணக்கின் மேல் நின்றுதான்.

அந்தக் கணக்கை நீங்களே போடலாம், போடக் கற்றுக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டோட்டல் கவுண்ட் என்று ஓர் எண் இருக்கும். கீழே டிஃபரன்ஷியல் கவுண்ட் என்ற இடத்தில் நியூட்ரோஃபில் அல்லது பாலிமார்ஃப் என்று ஒரு சதவீதம் இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுங்கள். டோட்டல் 1200, பாலிமார்ஃப் 20 சதவீதம் என்றால் 240. இதைத்தான் ஏ.என்.சி. என்பார்கள். சாதாரணமாக இது 1500-க்கு மேல் இருக்க வேண்டும். 500-க்குக் கீழே போனால் பாதுகாப்பு ரொம்பக் குறைந்துவிட்டது, 100-க்குக் கீழே என்றால் அநேகமாக இல்லை. எங்கள் பையனுக்கு அன்றைக்கு டோட்டல் 600, பாலிமார்ஃப் 10. அந்தச் சீட்டு காலையிலிருந்து என் சட்டைப்பையில்தான் மடித்துக் கிடந்தது. அறுபது என்று கணக்குப் போடத் தெரியாமல், "அறநூறு இருக்கு, பரவாயில்ல" என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

கிருமி எங்கிருந்து வருகிறது

எல்லோரும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு வாசலைச் சாத்துகிறோம், வந்தவர்களைத் தள்ளி நிறுத்துகிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் முளைக்கும் பாக்டீரியாவில் ரொம்பவும், அவர்கள் உடம்பிலேயே ஏற்கெனவே குடியிருந்தவை. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியா இருக்கிறது, இ.கோலை, கிளெப்சியெல்லா எல்லாம் அங்கே இருப்பவைதான். குடலின் உள்சுவர் என்ற கரை நடுவில் இருப்பதால் அவை அந்தப் பக்கம், ரத்தம் இந்தப் பக்கம்.

ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கரையில் நண்டு வளை எப்போதும் இருக்கும், எலி வளையும் இருக்கும். ஆட்கள் கரையில் நடமாடிக்கொண்டிருந்தால் கசிவு தெரிந்ததும் நாலு மண்வெட்டி மண் போட்டு மிதித்துவிட்டுப் போவார்கள், யாருக்கும் சேதி கூடத் தெரியாது. ஆறு முட்டி ஓடுகிற ராத்திரியில் கரையில் ஆளே இல்லை என்று நினைத்துப் பாருங்கள். விரல் மொத்தத் துளை விடிவதற்குள் வண்டி போகிற உடைப்பாகிவிடும். கீமோ செய்வது இரண்டு வேலை. கரைக் காவலை, அதாவது நியூட்ரோஃபில்லை, எடுத்துவிடுகிறது. அதே சமயம் கரையிலேயே துளையும் போடுகிறது, ஏனென்றால் வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்தோல் அணுக்களும் வேகமாகப் பெருகும் ரகம்தான், அவையும் கருகி உரிகின்றன. வாய்ப்புண் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே புண் குடல் நெடுகவும் இருக்கிறது, அது தெரிவதில்லை. வாய்ப்புண் வழியாக நுழைவது பெரும்பாலும் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை, சைட்டரபின் அதிக அளவில் கொடுத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

மூன்றாவது வழி, நாமே வைத்த வழி. கீமோ ஏற்றக் கையில் அல்லது நெஞ்சில் போடும் குழாய், பிக் லைன், போர்ட் என்பவை. தோலில் சும்மா இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் அந்தக் குழாயில் ஒட்டிப் படலமாகப் படர்ந்துவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழாயைக் கழுவி மருந்தோ சலைனோ ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கட்டில் ஆடுகிற மாதிரிக் குளிர் நடுக்கம் வந்தால், கிருமி குழாயில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பக்கத்துப் படுக்கை அம்மா ஒருவருக்கு இது வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று போர்வை போட்டும் பல் கிட்டித்து உதறியது, "பயந்துட்டாங்க, அதான்" என்று கூட வந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார், டியூட்டி நர்ஸ் ஓடி வந்து முதல் வேலையாகக் குழாயை மூடினார்.

இவை தவிர, தண்ணீரிலும் ஈரத்திலும் வாழும் சூடோமோனாஸ் என்ற ஒன்று இருக்கிறது. கவுண்ட் இல்லாத உடம்பில் இது பரவும் வேகத்துக்கு ஈடில்லை. பூ ஜாடித் தண்ணீர், வாஷ்பேசின், ஈரத் துணி எல்லாம் இதற்குப் பிடித்த இடம். லுகேமியா வார்டுக்குள் பூ கொண்டு வராதே என்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

நம் மண்ணுக்கென்று ஒரு கிருமியும் இருக்கிறது, இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நெல்வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை. அது தரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர், தென்னிந்தியாவில் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் கண்டறியப்பட்டிருக்கிறது, மழைக்காலத்தில் கூடுகிறது. சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும், ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்த யாரையும் விடாது. வழக்கமாகத் தொடங்கும் மருந்துகளில் பலவும் இதற்குச் சரியாகக் கேட்பதில்லை, குறிப்பிட்ட சில மருந்துகளை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஆகவே விவசாய வீட்டு ஆள் என்றால், காலில் வெடிப்போடு சேற்றில் இறங்கியிருந்தால், அதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

காய்ச்சல் மட்டும்தான் சொல்லும்

இந்தக் கட்டுரையில் ஒரு இடத்தை மட்டும்தான் இரண்டு முறை படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சாதாரண ஆளுக்குத் தொற்று வந்தால் உடம்பு சத்தம் போட்டுக் காட்டிவிடும். வீங்கும், சிவக்கும், வலிக்கும், சீழ் வைக்கும், நெஞ்சில் சளி கட்டும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். இவ்வளவும் பெரும்பாலும் நியூட்ரோஃபில் திரள்வதால் வருபவை. நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் நிமோனியா இருக்கும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். ஆசனவாய்ப் பக்கம் தொற்று இருக்கும், கட்டி இருக்காது, மலம் கழிக்கும்போது வலி மட்டும் இருக்கும், பையன்கள் வெட்கப்பட்டு அதையும் சொல்ல மாட்டார்கள். சிறுநீரில் தொற்று இருக்கும், சீழ் அணு இருக்காது. மிஞ்சி இருக்கும் ஒரே அறிகுறி பல நேரம் காய்ச்சல்தான். அந்த ஒன்றையும் பாரசிட்டமால் அமுக்கிவிடுகிறது. நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை கிருமியை ஒன்றும் செய்யவில்லை, எங்களுக்குச் சொல்ல வந்த சேதியை மட்டும் அழித்துவிட்டது. அது உள்ளே ராத்திரி முழுக்கப் பெருகிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏ.எல்.எல். சிகிச்சையில் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் வாரக்கணக்கில் தருவார்கள். இவையும் காய்ச்சலை அமுக்கும். ஸ்டீராய்டில் இருக்கும் நோயாளிக்குக் காய்ச்சலே இல்லாமல் கடுமையான தொற்று இருக்கலாம். அப்போது என்ன பார்ப்பது? நடுக்கம், கை கால் சில்லிடுவது, மூச்சு வாங்குவது, நாடி ஓடுவது, சிறுநீர் குறைவது, புதிதாக வந்த வயிற்று வலி, பேச்சில் தடுமாற்றம், "என்னமோ சரியில்ல" என்று அவர்களே சொல்வது. தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் இவற்றில் ஒன்று இருந்தால் கிளம்ப வேண்டும். கிருமி ரத்தத்தில் கலந்து, அதற்கு உடம்பு காட்டும் தாறுமாறான எதிர்வினையால் உறுப்புகள் கெட ஆரம்பிப்பதை செப்சிஸ் என்பார்கள். அதில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழுந்துவிட்டால் செப்டிக் ஷாக். சுடுகிற உடம்பு சில்லிட்டுப் போவது குணமான அடையாளம் என்று நினைத்தோமே, அது இந்த ஷாக்தான்.

காய்ச்சல் என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு, வாயில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 ஃபாரன்ஹீட், அல்லது 38, அதாவது 100.4, ஒரு மணி நேரம் நீடிப்பது. தூரத்தில் இருக்கும் நாம் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 100.4-லேயே போன் செய்துவிட்டு வண்டி பிடிப்பது நல்லது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது, இனிமா, மலக்குடலில் வைக்கும் மாத்திரை எதுவும் கூடாது, அந்த இடத்தில் சின்னக் கீறல் போதும். போகிற வழியில் தெரிந்த டாக்டரிடம் இடுப்பில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்ற யோசனையும் வேண்டாம், பிளேட்லெட்டும் குறைந்திருக்கும் நேரம், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும்.

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, கவுண்ட் இறங்கிய காலத்தில் ஒருமுறையாவது காய்ச்சல் வருகிறது. ஆகவே இது வந்துவிட்டதே என்று யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். "நீ அன்னிக்குத் தண்ணி காய்ச்சாம குடுத்தே", "உங்க அத்தை வந்து தொட்டுட்டுப் போனா" என்று வீட்டில் சண்டை நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலேயே நடந்தது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் வரும். வந்தபின் எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

போன பிறகு என்ன செய்கிறார்கள்

முதலில் ரத்தம் எடுப்பார்கள், இரண்டு இடத்திலிருந்து, குழாய் இருந்தால் குழாயிலிருந்தும் கையிலிருந்தும். அதைக் கஞ்சி மாதிரித் திரவம் இருக்கும் சின்னப் புட்டிகளில் ஊற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இது கல்ச்சர். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்பதை அதுதான் சொல்லும், ஆனால் சொல்ல ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே எது என்று தெரியாமலே, இருக்கக்கூடிய மோசமான கிருமிகளை எல்லாம் அடிக்கிற மாதிரி ஓர் ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் ஏற்றத் தொடங்குகிறார்கள். பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபிபைம், மெரோபெனெம் போன்றவை. உள்ளே நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏறிவிட வேண்டும் என்பது விதி.

இந்தப் பழக்கத்துக்கு வயது ஐம்பத்துச் சொச்சம்தான். அதற்கு முன் கல்ச்சர் வரட்டும் என்று காத்திருப்பார்கள், சூடோமோனாஸ் என்று சீட்டு வரும்போது பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். 1971-ல் ஸ்டீபன் ஷிம்ப்ஃப் என்பவரும் அவர் குழுவினரும், காய்ச்சல் வந்த உடனேயே கார்பெனிசிலின், ஜென்டமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார்கள். மருந்துகள் மாறிவிட்டன, காத்திருக்காதே என்பது மாறவில்லை.

அதனால் ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல்காரர்கள் வரிசையில் உட்கார வைப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. "லுகேமியா, கீமோ முடிந்து ஒன்பது நாள், கவுண்ட் குறைவு, காய்ச்சல் 101" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். சிகிச்சை பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி சென்னையிலோ வேலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால், அங்கே போய்ச் சேரும்வரை மருந்தில்லாமல் போகாதீர்கள். அவர்களுக்குப் போன் போட்டு, பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் கல்ச்சர் எடுத்து முதல் டோஸ் போட்டுக்கொண்டு கிளம்பலாமா என்று கேளுங்கள். இப்படி ஓர் ஏற்பாட்டைக் காய்ச்சல் வரும் முன்பே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு ரொம்ப அவசியம்.

எல்லாக் கல்ச்சரிலும் கிருமி முளைக்காது. ரத்தத்தில் பாக்டீரியா உறுதியாவது பத்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் பேருக்குத்தான். அதற்காக "ஒண்ணுமே இல்லாததுக்கு மருந்து ஏத்துறாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். நாலைந்து நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் பூஞ்சையைத் தேடுவார்கள், ஆம்போடெரிசின் போன்ற மருந்துகள் சேரும். அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்து வைக்கோல் போரிலும் இடிக்கிற கட்டடத் தூசியிலும் பறக்கும், மூச்சில் போய் நுரையீரலில் உட்காரும். தை அறுவடை நேரத்தில் களத்துப் பக்கமே கீமோ ஆளை விடாதீர்கள்.

வருத்தமான பகுதி ஒன்று. எங்கள் பையன் ரத்தத்தில் முளைத்தது கிளெப்சியெல்லா, முதலில் போட்ட மருந்துக்கு அது சாகவில்லை, மெரோபெனெமுக்கும் சாகவில்லை, கடைசியில் கோலிஸ்டின் என்ற பழைய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்தைப் போட்டுத்தான் அடங்கியது. இந்த மாதிரிக் கிருமிகள் நம் நாட்டில் நிறைய. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சீட்டில்லாமல் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துகிற ஆன்டிபயாட்டிக் அத்தனையும் ஊர்க் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறது. கோலிஸ்டினைக் கோழித் தீவனத்திலும் மீன், இறால் வளர்ப்பிலும் கலக்கும் வழக்கம் இருந்தது, 2019-ல் மத்திய அரசு தடை போட்டது. அந்தக் கடைசி மருந்தும் கேட்காமல் போனால் முதலில் சாகப் போவது இந்த வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகள்தான். அதை நினைத்துத்தான் இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டில்

கை கழுவுவதற்கு மிஞ்சி எதுவும் இல்லை. தொடுகிற ஒவ்வொருவரும், ஒவ்வொரு முறையும், சோப்புப் போட்டு. உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வாய் கொப்பளிக்க வேண்டும், மெத்தென்ற பிரஷ் போதும். குழாய் போட்ட இடத்தில் ஈரம் படக் கூடாது. திருநீறு, மஞ்சள், குங்குமம் எதுவும் அங்கே வேண்டாம். பாட்டி ஆசையாகக் கொண்டு வரும் தீர்த்தத்தைத் தலையிலும் தெளிக்காமல் வாங்கி வைத்துவிடுங்கள், ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்குவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள்.

சாப்பாட்டில் சூடாகச் சமைத்தது, அப்போதே சாப்பிடுவது, இவ்வளவுதான் விதி. பழைய சோறு உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அது நல்லதாக இருப்பதே அதில் ராத்திரியெல்லாம் பெருகும் பாக்டீரியாவால், கவுண்ட் இல்லாத நாளில் அது வேண்டாம். கடையில் நறுக்கி வைத்த பழம், பச்சைச் சட்னி, தெருவோரத்துக் கரும்புச் சாறு வேண்டாம். கும்பகோணத்து வெற்றிலை ஈரக் கொடிக்காலிலிருந்து பச்சையாக வருவது, அதுவும் இப்போது கூடாது. பச்சைக் காய்கறியே கூடாது என்று கடுமையாகப் பத்தியம் வைத்தால் தொற்று குறைகிறது என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை, ஆகவே பிள்ளையைப் பட்டினி போடுகிற அளவுக்குப் போக வேண்டாம். தோல் உரிக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு போன்றவற்றைக் கழுவி, வீட்டிலேயே உரித்துக் கொடுக்கலாமா, தயிர் சேர்க்கலாமா என்பதை உங்கள் வார்டில் கேட்டு அதன்படி செய்யுங்கள், இடத்துக்கு இடம் வேறு சொல்கிறார்கள்.

கவுண்டை ஏற்ற ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசி இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். லுகேமியாவில் அதை எப்போது போடுவது என்பது நோயின் வகையையும் கட்டத்தையும் பொறுத்தது. போடவில்லை என்பதால் அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை.

ஆறு மாதம் கழித்து எங்கள் பையனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. ராத்திரி பத்தரைக்கு 100.8. இந்தத் தடவை அக்காவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள், கதவுக்குப் பின்னால் தொங்கிய பையில் பழைய சீட்டுகள், எழுதி வாங்கிய தாள், ஒரு துண்டு, எல்லாம் தயார். பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் இருபது நிமிஷத்தில் சேர்ந்தோம், கல்ச்சர் எடுத்தார்கள், பதினொன்றரைக்கு முதல் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அப்புறம்தான் தஞ்சாவூருக்கு வண்டி. ஐ.சி.யு. வாசலையே பார்க்கவில்லை. ஏ.என்.சி. அன்றைக்கு 40, நாலாம் நாள் 180, ஆறாம் நாள் 420, எட்டாம் நாள் ஆயிரத்தைத் தாண்டியது. கவுண்ட் ஏறிய அந்த நாட்களில் அதுவரை ஒன்றுமே தெரியாத இடுப்புக்குக் கீழே ஓர் இடம் சிவந்து வீங்கிக் கட்டியாகத் திரண்டது. நான் பதறிப்போய்க் கேட்டேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே, தொற்று அங்கே முதலிலிருந்தே இருந்திருக்கிறது, இப்போதுதான் நியூட்ரோஃபில் வந்து வேலையைத் தொடங்கியிருக்கிறது, சீழ் பிடிக்கிற அளவுக்கு ஆள் வந்துவிட்டது என்றார். அக்கா அந்தக் கட்டியைப் பார்த்து அழுதுகொண்டே கும்பிட்டாள்.